இரண்டு குறுஞ்செய்திகள்



போன இதழில் ‘உங்கள் மனு என்ன ஆயிற்று?’ என்று ஒரு சின்னக் கட்டம் கட்டிக் கேட்டிருந்தோம். இதற்கெல்லாம் யார் உட்கார்ந்து எழுதப்போகிறார்கள் என்றார் எங்கள் உதவி ஆசிரியர். எழுதினீர்கள். இன்லண்ட் லெட்டரில், வாட்ஸ்அப்பில், சிலர் நேரிலேயே வந்து மனு நகலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை. கோபமாக எழுதியவர்கள் குறைவு. ‘ஏன் என்று மட்டும் தெரிந்தால் போதும்’ என்கிற தொனிதான் அதிகம். அந்த ‘ஏன்’ பற்றித்தான் இந்த மாதப் பக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல உட்கார்ந்தால் அது விட்டுப்போகும்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஊர் நிலம் முழுவதும் ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் இருந்த காலம் அது. கர்ணம், மணியம் என்று பரம்பரையாக வந்த பதவிகள். சிட்டா, அடங்கல் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். அவர் வாயால் சொன்னால்தான் உங்கள் நிலம் எந்த சர்வே நம்பர் என்று உங்களுக்கே தெரியும். கேட்கப் போனால் சாப்பிடுகிறார், தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பெட்டி கைமாறியது, ஆனாலும் பெட்டி பெட்டியாகவே இருந்தது.

அதைத் திறந்தது கணினி. இன்று காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் ஒருவர் நடு இரவில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கைபேசியில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தட்டி ‘அ’ பதிவேட்டைப் பார்க்கலாம். தன் நிலத்தைப் பார்த்த கையோடு பங்காளியின் நிலத்தையும் பார்க்கலாம். (பங்காளியுடையதைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.) 1975 முதலான வில்லங்க விவரம் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டினால், டிஜிட்டல் கையொப்பமும் கியூஆர் கட்டமும் போட்டு வருகிறது. கையெழுத்து வாங்க மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலக மரத்தடியில் காத்துக்கிடந்த தறிக்காரருக்கு இது சின்ன விஷயமே அல்ல.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரேஷன் கடைக் குறுஞ்செய்தி. 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வரும்வரை, பழைய அட்டையில் வருஷத்துக்கு வருஷம் உள்தாள் ஒட்டிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் பேனாவால் அதில் என்ன எழுதினார், கடைப் பதிவேட்டில் என்ன எழுதினார், இரண்டும் ஒன்றா என்று எவருக்கும் தெரியாது. இப்போது பில் போட்டதுமே இன்ன பொருள், இத்தனை கிலோ என்று கைபேசிக்கு வந்துவிடுகிறது. அது வருகிற தைரியத்தில், நம் ஊர்ப் பெண்கள் கடை வாசலில் நின்று கேட்கிறார்கள்: “அண்ணே, நான் இந்த மாசம் பாமாயிலே வாங்கலியே, வாங்கினதா மெசேஜ் வந்திருக்கு?” “நெட்வொர்க் கோளாறும்மா.” “நெட்வொர்க்குக்கு எதுக்குண்ணே பாமாயில்?” சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்; அன்று மாலைக்குள் பாமாயில் வருகிறது. ஒரு வரிச் செய்தி, அரசின் கணக்கைக் குடும்பத் தலைவியின் கையில் கொடுத்துவிட்டது. அவர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, எதிரில் நிற்கிற ஒரு மனிதரைக் கேள்வி கேட்க முடிகிறது.

இனி இரண்டாவது குறுஞ்செய்தி.

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. மாதம் ரூ.1000. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடி பேர். தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி பேர். இவ்வளவு பெரிய எண்ணிக்கையை ஒன்றிரண்டு மாதத்தில் சலித்தெடுப்பது மனிதக் கைகளால் ஆகிற வேலை இல்லை. அரசிடம் ஏற்கெனவே இருந்த தரவுகளோடு விண்ணப்பங்கள் ஒப்பிடப்பட்டன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா, நன்செய் ஐந்து ஏக்கரையோ புன்செய் பத்து ஏக்கரையோ தாண்டுகிறதா, கார் இருக்கிறதா, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டுகிறதா. தாண்டியவர்களின் கைபேசிக்கும் செய்தி போனது: உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

நியாயமாகச் சொன்னால், அந்தத் திட்டத்தில் கதவு மூடப்படவில்லை. காரணம் தெரிந்துகொள்ள வழி வைத்தார்கள். முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தார்கள். அந்த நவம்பரிலேயே ஏழு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த ஏழு லட்சத்தை நான் இரண்டு விதமாகவும் படிக்கிறேன். மேல்முறையீடு வேலை செய்தது. அதற்கு ஒரு சபாஷ். கூடவே, முதல் சுற்றில் ‘இல்லை’ என்று சொல்லப்பட்டவர்களில் அத்தனை பேருக்கு அது தவறான பதில் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. முயன்று கேட்டவர்கள் அவர்கள். செய்தியைப் பார்த்து, ‘கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு, இனி என்ன’ என்று கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தகுதி இருந்தது என்பதை எந்தக் கணினியும் சொல்லாது.

தவறு எங்கே நுழைகிறது என்று யோசித்தால் நம் ஊர் வீடுகளே விடை சொல்லும். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் ஒரு நீளமான வீட்டுக்குள் மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று அடுப்பு, மூன்று ரேஷன் கார்டு, மின் இணைப்பு மட்டும் ஒன்று. மீட்டருக்கு அடுப்புகளை எண்ணத் தெரியாது. விற்றுவிட்ட பழைய காரின் பதிவு இன்னும் உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால், தரவுத்தளத்தில் நீங்கள் கார் முதலாளி. எந்தத் துறையும் பொய் எழுதவில்லை. ஒவ்வொன்றும் தன் காரியத்துக்காக எழுதிவைத்ததை, இன்னொரு காரியத்துக்கு எடுத்தபோது வந்த வினை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2016 வாக்கில், உதவித்தொகை வாங்கியவர்களின் கணக்கை வருமானவரித் தரவோடு பொருத்தி, கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்று இயந்திரமே கடிதம் அனுப்பியது. ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத் துண்டுகளாகச் சமமாக வெட்டியதுதான் பிழை. வேலை கிடைத்த மாதமும் கிடைக்காத மாதமும் அதற்கு ஒன்றாகிவிட்டன. நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மீது இல்லாத கடன் ஏறியது. ‘நான் கடன்காரன் இல்லை’ என்று நிரூபிக்கும் சுமை ஏழைகளின் தலையில் விழுந்தது. கடைசியில் 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் பெயர் பெயராக, தேதி தேதியாக எழுதிய பெரிய அறிக்கை வந்தது. நம் திட்டத்துக்கு விண்ணப்ப முகாம்கள் தொடங்கியதும் அதே ஜூலையில்தான். அந்த அறிக்கையை இங்கே யாராவது புரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் கடிதங்களுக்கு வருகிறேன். பட்டா மாறுதலுக்கு மனு போட்டவர் இ-சேவை மையத்துக்குப் போகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது வயதுப் பிள்ளை ஒன்று.

“தம்பி, இது என்னாச்சு பாரு.”

“ரிஜெக்ட்னு வருதுங்கய்யா.”

“ஏனாம்?”

“‘ஆவணங்கள் போதுமானதாக இல்லை’ன்னு போட்டிருக்கு.”

“எந்த ஆவணம்?”

“அது போடலீங்க.”

“யாரைக் கேக்கறது?”

“மறுபடியும் ஒரு அப்ளிகேஷன் போட்டுடலாங்கய்யா. அறுபது ரூபா.”

அந்தப் பிள்ளையை நொந்து பயனில்லை. அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்பவர். முடிவெடுத்தவர் திரைக்குப் பின்னால் எங்கோ இருக்கிறார். முன்பு மனுவைத் தள்ளியவரின் முகமாவது தெரியும். திட்டலாம், கெஞ்சலாம், மேலிடத்தில் புகார் சொல்லலாம். லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் பெயர் கொடுக்கலாம். இப்போது ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்கிறோம். முதல்வர் உதவி எண்ணான 1100-க்குப் போன் போட்டால் பணிவாகப் பேசிப் பதிந்துகொள்கிறார்கள். அந்த மனு மாவட்டம் போய், வட்டம் போய், எந்த அலுவலகம் மீது புகாரோ அதே அலுவலகத்துக்கே வந்து, ‘தக்க பதில் அளிக்கப்பட்டு மனு முடித்துவைக்கப்பட்டது’ என்று மூடிக்கொள்கிறது என்பது கடிதம் எழுதியவர்களில் பலரின் ஆதங்கம்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ரேஷன் செய்தியில் பொருள் இருக்கிறது, அளவு இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லக் கடையில் ஒரு மனிதர் இருக்கிறார். நிராகரிப்புச் செய்தியில் முடிவு மட்டும் இருக்கிறது. இரண்டும் டிஜிட்டல் சேவைதான்; இரண்டும் ஒரே கைபேசிக்குத்தான் வருகின்றன. முதலாவது நம்மைக் கேள்வி கேட்பவராக்குகிறது, இரண்டாவது மறுபடி ரூ.60 கட்டுபவராக்குகிறது. இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காகவே ஒரு சேவையை வெளிப்படையானது என்று சொல்லிவிட முடியாது. காரணமும், காரணம் சொன்னவர் பெயரும் கூடவே வர வேண்டும்.

இது என் சொந்த ஆசை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த முடிவுக்கான காரணங்களை அரசு அலுவலகம் அளிக்க வேண்டும் என்கிறது. யாராவது மனு போட்டுக் கேட்டால்தான் என்று அங்கே இல்லை, தானாகவே தர வேண்டும். மத்தியச் சட்டம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1997-இல், தகவல் உரிமைக்கென்று தனிச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள்தான் அதிகம் என்பது வேறு கதை. ஆனாலும் முதலில் கை தூக்கியவர்கள் நாம். சட்டம் கேட்கிற காரணத்தைத் திரையில் இரண்டு வரியாகத் தட்டச்சு செய்ய வைப்பது மென்பொருள் எழுதுகிறவருக்கு ஒரு நாள் வேலை. காரணக் கட்டம் காலியாக இருந்தால் ‘நிராகரி’ பொத்தான் வேலை செய்யாது என்று வைத்துவிட்டால் முடிந்தது.

கர்நாடகத்தில் 2011-இல் சட்டம் போட்டு, 2012 ஏப்ரலில் ‘சகாலா’ தொடங்கினார்கள். எந்தச் சேவைக்கு எந்த அலுவலர், எத்தனை நாள் என்று பட்டியல். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.20, அதிகபட்சம் ரூ.500, மனுதாரருக்கு. தொகை சின்னது, யார் பொறுப்பு என்று எழுதிவைத்ததுதான் பெரியது. சேவை பெறும் உரிமைக்கு இப்படியொரு சட்டம் தமிழ்நாட்டிலும் வேண்டும் என்று குடிமைக்குழுக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. அதே கர்நாடகத்தில் நில ஆவணங்களைக் கணினிக்குக் கொண்டுவந்த ‘பூமி’ திட்டம் பற்றி 2007-இல் சாலமன் பெஞ்சமினும் அவர் தோழர்களும் எழுதிய ஆய்வு, லஞ்சம் ஒழியவில்லை, இடம் மாறியது என்றும், விவரமும் வசதியும் உள்ள பெரிய கைகளுக்கே அதனால் லாபம் என்றும் சொன்னது. கம்ப்யூட்டரைக் கண்டதும் கும்பிடுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

இந்த மாத ஊர்ப்பக்கத்தில் கூரம் வருகிறது. பட்டா பற்றி எழுதும்போது கூரத்தை விட்டுவிட முடியாது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அங்கே ஒரு சிவன் கோயில் எடுத்து, அதற்காக நிலம் விட்டதைச் சொல்லும் செப்பேடு அந்த ஊர்ப் பெயரால்தான் அறியப்படுகிறது. கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் இருக்கிறது. அரசனின் வீரப் பிரதாபங்கள் சமஸ்கிருதத்தில் முழங்குகின்றன; சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தையைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்றெல்லாம். நிலம், எல்லை என்று வந்ததும் தமிழுக்கு மாறிவிடுகிறது. புகழ் எந்த மொழியில் இருந்தாலும் பாதகமில்லை. வரப்பு எது என்பது வரப்புக்காரனுக்குப் புரிய வேண்டும். மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு, பாரதம் வாசிப்பவருக்கு என்று யாருக்கு எந்தப் பங்கு, எதற்காக என்பதும் அதில் இருக்கிறது. பயன் பெற்றவர்கள் பெரும்பாலும் வேதம் படித்தவர்கள். அந்த மண்ணை உழுதவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதையும் சொல்லாமல் பல்லவ காலத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் இன்னது, இன்னாருக்கு, இன்ன காரணத்துக்காக என்ற மூன்றையும் அரசாணையில் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதில்லை.

கூரத்தாழ்வான் பிறந்ததும் இந்த ஊர்தான். பெருஞ்செல்வத்தையெல்லாம் துறந்துவிட்டு இராமானுஜரிடம் போனவர் என்று வைணவ மரபு சொல்லும். இன்றைக்கு அவர் அப்படித் தானம் செய்யப் புறப்பட்டால், முதலில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, அப்புறம் யூ.டி.ஆர். பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த யூ.டி.ஆர். பற்றி நாலு வார்த்தை. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அந்த வேலையின் பெயர்ச் சுருக்கம்தான் அது. அவசரத்தில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, அண்ணன் நிலம் தம்பி பெயருக்குப் போனது. பின்னால் கணினி வந்தபோது அந்தப் பதிவேடுகளையே ஏற்றினார்கள், பிழைகளும் ஏறிக்கொண்டன. காகிதத்தில் இருந்தவரை, ‘இது எழுதியவர் தவறு’ என்று மாவட்ட வருவாய் அலுவலரிடம் வாதாட மனம் இருந்தது. திரையில், முத்திரையோடும் கியூஆர் கட்டத்தோடும் பார்க்கும்போது, பிழைக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரரே தன் மீது சந்தேகப்பட்டு, அப்பா ஒருவேளை விற்றுவிட்டாரோ என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். வருஷா வருஷம் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளை மேலதிகாரி வந்து பார்க்கிறார், மக்களும் மனு கொடுக்கிறார்கள். யூ.டி.ஆர். பிழைகளை ஊர் ஊராக எடுத்து முடிக்க அதைவிடப் பொருத்தமான நாள் வேறு இல்லை.

பார்வை எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் எல்லா இடத்திலும் கைபேசிச் செயலியில் தினம் இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றானது. வெயிலில் மண் வெட்டும் பாட்டி காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை வரிசையில் நின்று முகம் காட்ட வேண்டியிருந்தது. சிக்னல் இல்லாவிட்டால் அன்றைய கூலிக்கே ஆபத்து. இவ்வளவுக்குப் பிறகும், சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்த படங்களும் ஏறுகின்றன என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. வேலை செய்தவரை அரசு இருமுறை பார்த்தது. அரசை அவர் எத்தனை முறை பார்த்தார்? எஸ்டோனியாவில் ஒரு வழக்கம் உண்டு. என்னுடைய தரவை எந்த அலுவலகம் எப்போது எடுத்துப் பார்த்தது என்று குடிமகன் தன் கணினியிலேயே பார்க்கலாம்.

நம்மால் பார்க்க முடிகிற ஒரு இடம் இருக்கிறது. அநேகமாக யாரும் போவதில்லை. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஊராட்சிகளின் திட்டங்களும் செலவுகளும் ஊர் வாரியாக இருக்கின்றன. தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு என்று. ஆனால் தலைப்புகளும் எண்களுமாக ஆங்கிலத்தில் கிடப்பதைப் பார்த்து, நம்மவர் மூடிவைத்துவிடுகிறார். அதைத் தமிழில் ஒரு பக்கமாக அச்செடுத்து, கிராம சபை நடக்கிற அன்று ஊராட்சி மன்றச் சுவரில் ஒட்டினால் போதும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவை அங்கே வைக்க வேண்டும் என்பதும் விதி. பல ஊரில் அது வாசிக்கப்படும் வேகத்தில் வாசித்தவருக்கே புரிந்திருக்காது.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1990-களில் செய்தது இதைத்தான். அருணா ராய் முதலியவர்கள் ஊர்க்கணக்கின் நகலை எப்படியோ வாங்கி, மக்கள் கூடிய இடத்தில் உரக்க வாசித்தார்கள். கட்டாத அணைக்குச் செலவு, செத்தவருக்குக் கூலி. வாசிக்க வாசிக்க, கேட்டுக்கொண்டிருந்தவர்களே சாட்சிகளானார்கள். அந்த இயக்கத்திலிருந்துதான் தகவல் உரிமைச் சட்டம் பிறந்தது. 2019 செப்டம்பரில் அங்கே தொடங்கிய ஜன் சூச்னா தளம், கேட்காமலேயே திட்டவாரியாக, ஊர் வாரியாக விவரம் தருகிறது. வாசிக்க ஒரு கூட்டம் முன்பே பழகியிருந்ததால் அந்தத் தளத்துக்கு உயிர் இருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை சொல்லும் குடவோலை முறை என்றதும் எல்லாரும் தேர்தலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாராளுமன்றம் வரைக்கும் பேசியாகிவிட்டது. எனக்கு அதில் பிடித்தது வேறு விதி. ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது; அவர் உறவினர்களும் முடியாது. சித்தி மகன், அத்தை மகன், மாமன் என்று உறவுகளைத் தேடித் தேடி எழுதியிருக்கிறார்கள். நம் ஊரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்க வேண்டும்! நிலமும் வேதப்படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தச் சபை என்பதால் அதை ஜனநாயகம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்ற ஒற்றை விதியை மட்டும் அங்கிருந்து கடன் வாங்கலாம்.

இதற்கிடையில் டெல்லியிலிருந்து ஒரு சேதி. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையும் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொது நலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே விலக்கு. வேறொரு பிரிவு வழியாகப் பொது நலனைக் காட்டிக் கேட்க முடியும், ஆனால் பாரம் கேட்பவர் மீது கூடுகிறது. ஒரு நெசவாளியின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் இணையத்தில் கிடக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் சாலை போட்ட ஒப்பந்தக்காரர் யார், பில்லில் கையெழுத்துப் போட்ட அலுவலர் யார் என்பதும் ‘தனிநபர்’ போர்வைக்குள் போய்விட்டால், ராஜஸ்தானில் உரக்க வாசிக்கப்பட்ட அந்தக் காகிதம் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். இந்தத் திருத்தம் தவறு என்பதே என் கருத்து. மாறுபடுகிறவர்கள் எழுதுங்கள், வெளியிடுவோம்.

இனி ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வந்த நிராகரிப்புச் செய்தியைப் படம் பிடித்து அனுப்புங்கள். பெயர், கைபேசி எண், மனு எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள். எந்தச் சேவை, எந்தத் தேதி, என்ன காரணம் எழுதியிருந்தது என்பது மட்டும் போதும். காரணமே எழுதாதவை எத்தனை, எழுதியிருந்தும் புரியாதவை எத்தனை என்று பிரித்து, அடுத்த இதழில் பட்டியல் போட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுப்பதாக இருக்கிறோம். நன்றாகக் காரணம் எழுதி, அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொன்ன அலுவலகம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். அதை முதல் பக்கத்திலேயே போட ஆசை.

காரணம் வராதவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, என் மனு மீது முடிவெடுத்த அலுவலரின் பதவி என்ன, எந்த விதியின் கீழ், என்ன காரணம் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மாதிரி மனு 34-ஆம் பக்கத்தில் இருக்கிறது. கத்தரித்தே எடுத்துக்கொள்ளலாம், பின்பக்கம் விளம்பரம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்